நெத்திலி சார் வீடு

வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் ஊர்ப் பெயர் செய்தித்தாளில் வரும். ஏப்ரல் மாதம் மீன்பிடித் தடைக்காலத்தை அறிவிக்கும்போது, புதுச்சேரிப் பகுதியில் கனகசெட்டிக்குளம் முதல் மூர்த்திக்குப்பம் புதுக்குப்பம் வரை என்று எல்லை சொல்வார்கள். வடக்கு முனை நாங்கள். எங்களைத் தாண்டினால் கீழ்ப்புத்துப்பட்டு, தமிழ்நாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலில் இறங்கக்கூடாது. கட்டுமரத்துக்கும் ஃபைபர் படகுக்கும் அந்தத் தடை இல்லை. எங்கள் ஊரில் இருப்பவை அவைதான். பெரிய படகு போகாத நாளில் சின்னப் படகு மீனுக்கு நல்ல விலை.

அம்மாவுக்கு மட்டும் அந்த மாதங்கள் பிடிக்காது. காலாப்பட்டில் பல்கலைக்கழகம் கோடை விடுமுறை விடுவது ஏறக்குறைய அதே சமயம். "வெல ஏறும்போது பாரு, வாங்கறவங்க ஊருக்குப் போயிடறாங்க" என்பாள். அவளுடைய வியாபாரம் பாதிக்கு மேல் அங்கே வேலை பார்ப்பவர்களின் குடியிருப்பில்தான்.

இப்போதும் மே மாதம். சென்னையிலிருந்து வந்து நாலு நாளாகிறது. சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் அன்னக்கூடை சுவரில் ஆணியில் தொங்குகிறது. முழங்கால் தேய்ந்துபோய் அவள் விற்கப் போவதை நிறுத்தி ஏழெட்டு வருஷமாகிறது. அலுமினியம் மங்கி, அடியில் ஓர் இடம் நெளிந்திருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தது. அன்று கூடையில் இருந்தது காரப்பொடி என்றுகூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குடியிருப்பில் இருந்தவர்களின் பெயரும் முக்காலும் தெரியாது. என்ன மீன் வாங்குகிறார்களோ அதுதான் பெயர். சங்கரா அம்மா. எறா மேடம். தலையைக் கேட்டு வாங்கும் வங்காளி அம்மா. வெள்ளிக்கிழமை மட்டும் மீன் எடுக்காத கேரளா டீச்சர். நெத்திலி சார். இப்படி முப்பது, நாற்பது வீடு அவள் மனசில் இருந்தது. யார் எந்தத் துறை, யாருக்கு எத்தனை பிள்ளை, யார் ஊர் மாறிப் போகப் போகிறார்கள், எல்லாம் தெரியும். அந்த வளாகத்தைப் பற்றி என் வகுப்பில் படித்த எவரையும்விட அவளுக்கு அதிகம் தெரிந்திருந்தது. அதை அறிவு என்று எண்ண எனக்கு இருபது வருஷம் பிடித்தது.

பல்கலைக்கழகம் 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. அதுவரை புதுச்சேரிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. அது வந்தபோது நான் கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரியவள். சவுக்கும் பனையும் முந்திரியுமாக இருந்த மண்ணில் ஏறக்குறைய 800 ஏக்கருக்கு வேலி போட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பக்கத்திலேயே பிள்ளைச்சாவடியில் பொறியியல் கல்லூரி. அது 2020-இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. இந்தப் பக்கம் சட்டக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, மத்திய சிறை. எங்கள் மூன்று, நான்கு மீனவ ஊர்களுக்கு நடுவில் இத்தனையும். எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழக வாசலுக்குச் சைக்கிள் மிதித்தால் பத்துப் பதினைந்து நிமிஷம். ஆனாலும் அது வெளியூர்க்காரர்கள் படிக்கிற இடம், நம் ஆட்கள் தோட்ட வேலைக்கும் மெஸ் வேலைக்கும் வாட்ச்மேன் வேலைக்கும் போகிற இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்ததை வைத்து மனசு முடிவு கட்டிக்கொண்டது.

பி.ஏ. படிக்க டவுனில் ஒரு கல்லூரிக்குப் போனேன். மரக்காணத்திலிருந்து வரும் பஸ் பிடிப்பேன். எங்கள் ஊர் புதுச்சேரி, காலாப்பட்டு புதுச்சேரி, பிள்ளைச்சாவடி புதுச்சேரி. அதைத் தாண்டினால் பொம்மையார்பாளையம் தமிழ்நாடு, கோட்டக்குப்பம் தமிழ்நாடு. முத்தியால்பேட்டை வந்தால் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் பங்கு பிரித்த கோடு. தினமும் இரண்டு மாநிலம் கடந்து படிக்கப் போனேன் என்று பிற்பாடு தோழிகளிடம் பெருமையாகச் சொல்வேன்.

அந்த பஸ்ஸில் அம்மாக்களின் கூடைகளும் வரும். என் பாவாடையில் மீன் வாடை இருந்திருக்கலாம். முதல் வாரமே என் பெஞ்சில் உட்கார்ந்த பெண் இடம் மாறிக்கொண்டாள். நான் அதன் பிறகு மூன்று வருஷமும் மதியச் சாப்பாட்டுக்கு மீன் கொண்டுபோகவில்லை. வெண்டைக்காய், தக்காளி சாதம். அம்மா ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. இதை எழுதும்போதுகூட நெஞ்சு அடைக்கிறது.

டவுனில்தான் 'எந்த ஸ்கூல்' என்ற கேள்வியை முதலில் சந்தித்தேன். எங்கள் ஊரில் புது ஆளைக் கண்டால் "யார் வூட்டுப் பொண்ணு?" என்று கேட்பார்கள். ஆயா பெயரைச் சொன்னால் போதும், அவளோடு நாலு தலைமுறை விளங்கிவிடும். டவுனில் அந்த வேலையைப் பள்ளிக்கூடத்தின் பெயர் செய்தது. கான்வென்ட் பெண்கள் ஒரு பக்கம். அரசுப் பள்ளிப் பெண்கள் ஒரு பக்கம். பிரெஞ்சு லிசேயில் படித்தவர்கள் எங்கள் கல்லூரிக்கு வரவே மாட்டார்கள். 1826-இல் தொடங்கிய பள்ளி அது. அங்கே முடித்தவர்களுக்கு அடுத்த பஸ் பாரிஸுக்கு என்று பேசிக்கொள்வோம். சொல்தா வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பங்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அந்த வீடுகளில் கல்யாணப் பேச்சு வரும்போது குடியுரிமையும் பள்ளியும் ஒன்றாகப் பேசப்படும்.

பள்ளியையும் படிப்பையும் வைத்து ஆளை அளப்பது இந்த ஊரில் பழைய வழக்கம். பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் 1873-இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காக விலக்கப்பட்டார். பிரெஞ்சுச் சட்டம் படித்தவர், பிரெஞ்சில் வாதாடக்கூடியவர். காலில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சட்டப் படிப்பு தீர்மானிக்கவில்லை. அவர் பாரிஸ் வரை முறையிட்டு வென்றார். அதற்குச் சில வருஷம் கழித்து, 1877-இல், கலவை சுப்பராயச் செட்டியாரின் கொடையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி மிஷன் வீதியில் வந்தது. பாரதிதாசன் படித்த கல்வே கல்லூரி அதுதான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அந்தக் கட்டடத்தின் முன்னால் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். அப்போது எனக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

2001. பி.ஏ. கடைசிப் பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள் அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு நீயும் எங்கூட வா. நெத்திலி சார் ஒரு பாரம் வெச்சிருக்கார், நீ எயுதணுமாம்."

நடந்தது இவ்வளவுதான். அவர் கால் கிலோ நெத்திலி வாங்கும்போது, உன் பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டிருக்கிறார். பி.ஏ. முடிக்கப் போவுது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இங்கே விண்ணப்பம் போட்டாளா என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. மறுநாள் அவர் வீட்டுச் சமையற்கட்டுப் படியில் உட்கார்ந்து நான் விண்ணப்பத்தை நிரப்பினேன். அவர் மனைவி நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே என் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமூகவியல் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலில் எழுதினேன். கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருந்தது.

உள்ளே போன முதல் நாள், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் நான் ஒருத்திதான் அந்நியமாக இருந்தேன். என் வகுப்பில் ஒடிசா, கேரளம், பீகார், அந்தமான், மணிப்பூர். அந்தமானும் லட்சத்தீவும் இந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருபவை. எல்லோரும் வீட்டை விட்டு வந்தவர்கள் என்பதால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நான் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவேன். முதல் செமஸ்டர் முழுக்க, பாடத்தைப் படித்தேன், மனிதர்களைச் சேர்க்கவில்லை. பல்கலைக்கழகம் நிஜமாக நடப்பது சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே. வாசலுக்கு எதிரே டீக்கடையில், ஆனந்தரங்கப்பிள்ளை நூலகத்தின் படியில், மெஸ் வரிசையில். யார் ஜேஎன்யூவுக்கு விண்ணப்பம் போடுகிறார்கள், நெட் தேர்வுக்கு எந்தப் புத்தகம், எந்தப் பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் ஆள் தேவை என்ற சேதியெல்லாம் அங்கேதான் கைமாறும். ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணுக்கு அது குளிக்கப் போகும் வழியில் காதில் விழும். எனக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகு தெரியும்.

இரண்டாம் செமஸ்டரில் மாறியது. கேரளத்துப் பெண் ஒருத்தி என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, கடலோரத்திலிருந்து வந்துகொண்டு வெண்டைக்காய் தின்கிறாயா என்று கோபித்துக்கொண்டாள். அடுத்த நாள் அம்மா நாலு பேருக்குச் சங்கரா குழம்பு கட்டிக் கொடுத்தாள். அதற்கடுத்த ஞாயிறு ஏழு பேர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அப்பா அவர்களைக் கரைவலை இழுக்கக் கூட்டிப்போனார். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு: வலைக் கயிற்றில் கை வைத்தவனைச் சும்மா அனுப்பக்கூடாது. ஒரு பீகார்ப் பையன் பத்து நிமிஷம்தான் இழுத்திருப்பான். கொழுத்த கவலை மீன் பத்தைக் கையில் கொடுத்தார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் கைக்குட்டையில் ஏந்தி நின்றான். அவன் இப்போது டெல்லியில் பேராசிரியர். இன்றைக்கும் போன் எடுத்தால் முதலில் அப்பாவின் கரையைத்தான் கேட்பான்.

வகுப்பில் ஒரு நாள் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கரின் 1973-ஆம் வருஷக் கட்டுரையைப் பாடமாக நடத்தினார்கள். பாஸ்டன் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் போய், உங்களுக்குச் சேதி சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதோ பார்க்கிற, சும்மா தெரிந்த ஆட்கள் வழியாகவே சேதி வந்திருக்கிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், தூரத்து ஆள்தான் புதுச் சேதி கொண்டுவருவான் என்பது அவர் வாதம். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். எனக்கு எதுவும் எழுத ஓடவில்லை. கால் கிலோ நெத்திலி கண்ணில் நின்றது. எங்கள் வீட்டில் அத்தகைய தூரத்து ஆட்களைச் சேர்த்தவள் அம்மா. அப்பாவுக்குக் கடலும் கூட்டாளிகளும். சித்திக்கும் பெரியம்மாவுக்கும் கரை ஏலம். அம்மாதான் நாற்பது வேற்று வீட்டுப் பின்வாசலில் நின்று பேசினவள்.

அந்த வளாகத்துக்கு இன்னொரு ஞாபகம் உண்டு, அது எனக்குக் கேள்வியறிவுதான். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத கி. ராஜநாராயணனை 1980களின் இறுதியில் துணைவேந்தர் வேங்கடசுப்பிரமணியன் அழைத்துவந்து வருகைதரு பேராசிரியர் ஆக்கினார். நாட்டார் கதைகளைத் திரட்டும் பணி. அதே காலத்தில்தான் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நாடகப் பள்ளி, அதற்கு இந்திரா பார்த்தசாரதி. நான் சேர்ந்தபோது கி.ரா. பணி முடிந்து லாஸ்பேட்டையில் குடியிருந்தார், 2021-இல் மறையும்வரை புதுச்சேரிக்காரராகவே இருந்தார். டீக்கடைப் பேச்சில் அவர் கதை அடிக்கடி வரும். பட்டமில்லாதவர் வாசலுக்குள் பேராசிரியராகப் போனார் என்று மாணவர்கள் வியப்பார்கள். அவருக்காகக் கதவைத் திறக்க உள்ளே ஒருவர் இருந்தார், அவருடைய எழுத்தைப் படித்திருந்தார். கதைசொல்லிகள் எங்கள் குப்பத்திலும் இருந்தார்கள். என் ஆயா ஒருத்தி. அவளைப் படித்தவர் யாரும் உள்ளே இல்லை.

2003-இல் எம்.ஏ. முடித்தேன். ஒன்றரை வருஷம் வேலை இல்லை. சென்னையில் ஒரு நிறுவனத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். காத்திருந்த அறையில் என்னோடு நாலு பேர். அவர்களில் இருவர் ஒரே கல்லூரி என்று தெரிந்ததும் எந்த ஹால், எந்த வார்டன் என்று பேச ஆரம்பித்தார்கள். பத்து வருஷ வயசு வித்தியாசம் அரை நிமிஷத்தில் மறைந்துவிட்டது. உள்ளே கேள்வி கேட்டவரும் அதே கல்லூரி. பொறாமையைவிட ஆச்சரியம்தான் எனக்கு. கடற்கரையில் நாகப்பட்டினத்திலிருந்து யாராவது வந்தால் அப்பா எந்தக் குப்பம், யார் வகையறா என்று கேட்டு அரை நிமிஷத்தில் உறவாகிவிடுவார். அதே காரியம் இங்கே கோட்டு போட்டுக்கொண்டு நடந்தது. வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்தது. அன்றைய காலையை நான் இங்கே எழுதப்போவதில்லை. மூன்றாம் நாள், சாலையோரக் கடை போனுக்கு எனக்கு அழைப்பு வந்தது. அந்த நம்பரை எப்போது யாரிடம் கொடுத்தேன் என்றே நினைவில்லை. மணிப்பூர்த் தோழி. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு சொன்னாள், அவளுடைய அண்ணனின் நண்பர் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் புதுச்சேரிக்கு வருகிறது, கரையும் தெரிந்து இங்கிலீஷும் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று. ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னாள். வகுப்பில் அவளோடு நான் அதிகம் பேசியதுகூட இல்லை. அந்த ஒரு அழைப்பில் என் பிழைப்பு தொடங்கியது. நரம்பை, நல்லவாடு, வீராம்பட்டினம் என்று கூரை இழந்த ஊர்களில் கணக்கெடுத்தேன். அடுத்து நாகை, பிறகு சென்னை, அங்கிருந்து வேறு வேலைகள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் யாரோ ஒரு வகுப்புத் தோழரின் ஒரு வாக்கியம் இருந்தது: எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். என் தகுதியில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதே தகுதியுள்ள பெண்கள் எங்கள் வரிசைக் கடலோர ஊர்களில் இருந்தார்கள் என்பதிலும் சந்தேகம் இல்லை. அந்த வாக்கியத்தைச் சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை.

தமிழில் இதற்கு ஓர் அழகான பழஞ்சொல் உண்டு, ஒருசாலை மாணாக்கர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த தியாகராசச் செட்டியார், 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தம் தமிழாசிரியர் இடத்தை அதே ஆசிரியரிடம் படித்த இளைய மாணவர் உ.வே. சாமிநாதையருக்கு வாங்கிக் கொடுத்தார். அந்த ஊரில்தான் அவர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்துச் சீவகசிந்தாமணியின் பக்கம் திரும்பினார். ஒருசாலை உறவு இல்லையென்றால் நம் கையில் இன்றிருக்கும் ஏடுகளில் எத்தனை இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சிதம்பரத்தில் 1929-இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நெடுஞ்செழியனும் அன்பழகனும் மதியழகனும் மாணவர்களாக இருந்தார்கள். அங்கே பிடித்த கை அரை நூற்றாண்டு அரசியல் வரை நீண்டது. எனவே இந்த உறவைக் கெட்டது என்று சொல்ல எனக்கு மனசு வராது. என்னைத் தூக்கி நிறுத்தியதே அதுதானே.

என்னை உறுத்துவது வேறு. அஜந்தா சுப்பிரமணியன் என்ற மானிடவியலாளர் 2009-இல் கன்னியாகுமரி மீனவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பத்து வருஷம் கழித்து அவர் எழுதிய அடுத்த நூல் சென்னை ஐஐடியைப் பற்றியது. உயர்சாதிகளின் பரம்பரை வசதி அங்கே எப்படித் திறமை என்ற பெயருக்கு மாறுகிறது, பழைய மாணவர் உறவு அமெரிக்கா வரை அதை எப்படிக் கொண்டுபோகிறது என்று காட்டுகிறார். கடற்கரையையும் ஐஐடியையும் ஒரே கண் பார்த்தது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். 2022-இல் ராஜ் செட்டியும் குழுவும் 7.2 கோடி அமெரிக்கர்களின் ஃபேஸ்புக் நட்புகளை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை, வசதியான பிள்ளைகளுக்கு வாய்ப்பதுபோன்ற நட்புச் சூழலில் வளர்ந்தால் பிற்காலத்தில் வருமானம் சராசரியாக 20 விழுக்காடு கூடுமாம். அதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, நான் அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். வசதியானவர்கள் நண்பர்களை அதிகமாகக் கல்லூரியில் சேர்க்கிறார்கள், ஏழைகள் தெருவில்.

என் தம்பி தெருவில் சேர்த்தவன். பத்தாவதோடு நின்று அப்பாவின் படகில் ஏறினான். அவன் கூட்டாளிகள் நாலு பேர், எல்லோரும் எங்கள் ஊர். படகு வருமானத்தில் டீசல் போக, படகுக்கும் வலைக்கும் பங்கு எடுத்துவிட்டு ஆளுக்கு ஒரு பங்கு. ஒருவன் காய்ச்சலில் படுத்தால் அவன் வீட்டுக்கும் பாதிப் பங்கு போகும். ஒரு வருஷம் முழுக்க ஒருவனுக்கு அப்படிப் போனதை நான் அறிவேன்.

2016-இல் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த இரவு தம்பி எனக்குத்தான் போன் செய்தான். நான் சென்னையில் இருந்து ஒரு வகுப்புத் தோழனை எழுப்பினேன். ஆம்புலன்ஸ் போய்ச் சேருவதற்குள் அவன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தான், தெரிந்த டாக்டரிடம் சொல்லிவைத்திருந்தான். மூன்று நாள் அப்பா இருந்தார். நாலாம் நாள் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆறுதல் செய்திகள் வந்து குவிந்தன. இரண்டு பேர் நேரில் வந்து இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். பாடையைத் தூக்கியதும் பந்தல் போட்டதும் பதினாறு நாள் வீட்டில் உலை வைக்க விடாமல் சோறு கொண்டுவந்ததும் தம்பியின் கூட்டாளிகள். அந்த வாரம் ஊரில் ஒரு படகும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் தேவைப்பட்டது என் ஆட்கள், கரையில் தேவைப்பட்டது அவன் ஆட்கள். தம்பி ஒரு வார்த்தை சொன்னான்: "எங்க ஆளுங்கள உனக்கு எல்லாரையும் தெரியும்க்கா. உங்க ஆளுங்க ஒருத்தர் நம்பரும் எங்கிட்ட இல்ல." குற்றமாகச் சொல்லவில்லை. நடு ராத்திரியில் அவனுக்கு என் வழியாகத்தான் ஒரு மருத்துவர் கிடைத்தார் என்பதை மட்டும் சொன்னான்.

என் கல்யாணமும் பல்கலைக்கழக வாசலில்தான் முடிவானது. எங்கள் ஆட்களில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கடற்கரை ஊர்களுக்குள்தான். எம்.ஏ. படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிக் களைத்துப்போனார்கள். கடைசியில் நானே சொன்னேன், எனக்கு ஒரு வருஷம் சீனியர், போர்ட் பிளேர்த் தமிழ்க் குடும்பம், வேறு சாதி. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அப்பா ஒரே கேள்வி கேட்டார்: "அந்தமான்னா கடல்காரப் பிள்ளைதானே?" அவர் வீட்டில் யாரும் கடலுக்குப் போனதில்லை. அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. கல்யாணப் பந்தியில் வகுப்புத் தோழர்கள் ஒரு வரிசை, ஊர்க்காரர்கள் ஒரு வரிசை. கேரளத்துப் பெண் மட்டும் எழுந்துபோய் என் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இந்த நாலு நாளாகத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறேன். இருபது வருஷத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக நான் எத்தனை பேருக்குப் போன் செய்திருக்கிறேன்? நாலு. நாலே பேர். தோழர்களின் பிள்ளைகளுக்கும் தங்கைகளுக்கும் செய்ததை எண்ண முடியவில்லை. அவர்கள் கேட்டார்கள், செய்தேன். ஊர்ப் பிள்ளைகள் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?

பல்கலைக்கழகத்தில் சில முதுகலைப் படிப்புகளில் புதுச்சேரி மாணவர்களுக்கு 25 விழுக்காடு இடம் உண்டு. எல்லாப் படிப்புகளுக்கும் வேண்டும் என்று பல வருஷமாகப் போராட்டம் நடக்கிறது, நான் அதன் பக்கம். 2022-இல் பொது நுழைவுத் தேர்வு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு வந்துவிட்டது. இனி சமையற்கட்டுப் படியில் உட்கார்ந்து பாரம் நிரப்ப முடியாது. எல்லாம் கணினியில், தேர்வு மையத்தில். பயிற்சி வகுப்புக்குப் போகிறவர்களுக்குத் தேதி தெரியும்.

நேற்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். இருபது வயசு. பி.எஸ்சி. முடித்து முதுகலைக்கு நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறாள். தேதியை அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். மெஸ்ஸில் வேலை பார்க்கும் அவள் மாமா, சாப்பிட வந்த மாணவர்கள் பேசியதைக் கேட்டு வந்து சொன்னாராம். எனக்குச் சிலிர்த்தது. அவளை உட்காரவைத்து என் போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். டெல்லிப் பேராசிரியர். இம்பாலில் என் தோழி. ஆஸ்பத்திரி வாசலில் நின்றவன். எல்லோரிடமும் உன்னைப் பற்றி நானே சொல்லிவைக்கிறேன், நீயும் பேசு, கூச்சப்படாதே என்றேன். ஹாஸ்டல் கிடைத்தால் சேர்ந்துவிடு, வீடு பக்கம் என்று சாயங்காலம் ஓடி வந்துவிடாதே என்றும் சொன்னேன். அவள் ஒவ்வொரு நம்பராகப் போனில் ஏற்றிக்கொண்டாள்.

உள்ளே படுத்திருந்த அம்மா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி, அவ பாட்டுக்கு டெல்லி, இம்பால்னு சொல்லிக்கினு இருக்கா. நான் சொல்றத எயுதிக்கோ. குவார்ட்டர்ஸ் உள்ள போனா ரெண்டாவது வரிசை. வாசல்ல முருங்கை மரம் இருக்கும். முன்பக்கம் போவாத, பின்பக்கமா போ. நெத்திலி சார் வூடு. ஆயா அனுப்புச்சின்னு சொல்லு, அவர் எல்லாம் சொல்லிக் குடுப்பார்."

அவர் ஓய்வு பெற்று ஊரோடு போய்ப் பல வருஷமாகிறது. அம்மாவுக்கும் அது தெரியும், அவர் போகும்போது பழைய அலமாரியை அவளுக்குத்தான் கொடுத்துவிட்டுப் போனார். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் தலையைக் குனிந்து போனில் தட்டிக்கொண்டிருந்தாள். ரெண்டாவது வரிசை. முருங்கை மரம். பின்பக்கம்.

"ஆயா, கால் கிலோவா அரை கிலோவா?" என்று கேட்டாள்.

"கால் கிலோ" என்றாள் அம்மா. "தலைய அவங்களே கிள்ளிப்பாங்க."